கொழுப்பு விரதம் உங்கள் சுகருக்கு ஒத்துவருமா? நீங்களே சோதித்துப் பார்க்கும் முறை

மாவுச்சத்து இல்லை, புரதமும் ஏறக்குறைய இல்லை, வெண்ணெய், எண்ணெய், க்ரீம் என்று கொழுப்பை மட்டும் அளவாக எடுத்துக்கொண்டு ஒரு நாளைக் கடத்துவதைத்தான் கொழுப்பு விரதம் என்கிறார்கள். டைப் 2 சர்க்கரை உள்ள சிலர் இதைச் செய்துவிட்டு, அன்றைக்கு மீட்டரில் எண் ஏறவே இல்லை என்று குஷியாகிவிடுகிறார்கள். ஏறாதுதான். குளுக்கோஸாக மாறக்கூடியது எதுவும் பெரிதாக உள்ளே போகாத நாளில் சுகர் எகிறாமல் இருப்பதில் என்ன அதிசயம்? அன்று மாவுச்சத்து சாப்பிடவில்லை என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்கிறது, அது மீட்டர் இல்லாமலே தெரியும். தெரிய வேண்டியது வேறு. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பி இரண்டு மூன்று நாள் கழித்து, அதே சாப்பாட்டுக்கு உடம்பு முன்பைவிட நன்றாக ஈடுகொடுக்கிறதா இல்லையா? சோதனையை அதற்காகத்தான் அமைக்க வேண்டும்.

அதற்கு முன்னால், யார் இதில் இறங்கவே கூடாது என்பதைப் பார்த்துவிடலாம். இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் மருந்துப் பெட்டி

இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு, ரெபாகிளினைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரிடம் பேசாமல் தொடங்கவே கூடாது. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று இந்த மருந்துகள் பார்ப்பதில்லை, அவை பாட்டுக்கு வேலை செய்யும். வழக்கமான டோஸைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தே இல்லாமல் இருந்தால் லோ சுகர் வருவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. அன்றைக்கு எவ்வளவு குறைப்பது, விடலாமா என்பதெல்லாம் டாக்டர் சொல்ல வேண்டியது, நாமாகக் கணக்குப் போடுவது இல்லை. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு லோ சுகர் அபூர்வம், ஆனாலும் கேட்டுக்கொள்வது நல்லது.

பெயர் 'ஃப்ளோசின்' என்று முடிகிற மாத்திரைகள் (டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின், கேனாக்ளிஃப்ளோசின்) இன்னொரு ரகம். இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியே தள்ளுகின்றன. இவற்றோடு பட்டினியோ மாவுச்சத்தில்லாத உணவோ சேர்ந்தால், சுகர் நார்மலாகத் தெரியும்போதே, கொழுப்பு எரியும்போது உருவாகும் கீட்டோன் ரத்தத்தில் ஏறி ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்கிற மருந்துகள் இவை, அதனால் "நேற்று ஒரு வேளை போடவில்லை, பரவாயில்லை" என்ற கணக்கு இங்கே செல்லாது. என் கருத்தைக் கேட்டால், இந்த மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும் வரை கொழுப்பு விரதத்தை மறந்துவிடுங்கள்.

டைப் 1 உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், ஏற்கெனவே எடை குறைவானவர்கள், கணையத்தில் வீக்கம் வந்தவர்கள், பித்தப்பைக் கல், சிறுநீரகம், கல்லீரல் அல்லது இதயக் கோளாறு உள்ளவர்கள், சாப்பாட்டோடு மனப்போராட்டம் இருந்தவர்கள், இவர்கள் யாருக்கும் இது வேண்டாம். கொழுப்பு உள்ளே போனால் பித்தப்பை சுருங்கும், கல் இருந்தால் வலி பின்னியெடுக்கும். தொடங்குவதற்கு முன் ஒரு லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனை அவசியம். அதில் ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பு 500-ஐத் தாண்டியிருந்தால் கொழுப்பைக் கூட்டுவது கணையத்தோடு விளையாடுவது. கண் விழித்திரையில் சர்க்கரைப் பாதிப்பு இருப்பவர்களும் கண் டாக்டரைக் கேட்க வேண்டும், சுகர் வேகமாக இறங்கினால் அந்தப் பாதிப்பு தற்காலிகமாக மோசமாகலாம்.

கொழுப்பு சுகரை என்ன செய்கிறது

நேரடியாகப் பெரிதாக ஒன்றும் செய்யாது, அதுதான் விஷயமே. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றில் இன்சுலினை மிகக் குறைவாகத் தூண்டுவது கொழுப்பு. ஒரு கொழுப்பு மூலக்கூறில் கிளிசரால் என்ற பகுதி எடையில் பத்தில் ஒரு பங்கு இருக்கும், அது மட்டும் கல்லீரலில் குளுக்கோஸாக மாறலாம். ஒரு நாளில் 100 கிராம் கொழுப்பு சாப்பிட்டால் அதிலிருந்து வருவது 10 கிராம் போல. கல்லீரல் தானாகவே தயாரித்து ரத்தத்தில் விடுவதோடு ஒப்பிட்டால் இது சொற்பம்.

ஆகவே கொழுப்பு என்பது சுகரைக் குறைக்கும் மருந்து இல்லை. தண்ணீர் மட்டும் குடித்து இருப்பதைவிட இது பலருக்குச் சுலபம், பசி அடங்கும், அவ்வளவுதான். இன்சுலின் புழக்கத்துக்கு வந்த 1920-களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நியூபர்க், மார்ஷ் என்ற இருவர் சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகக் கொழுப்பு உணவு கொடுத்துப் பார்த்தார்கள். 1956-ல் லண்டனில் கெக்விக், பவன் இருவரும் 1000 கலோரியில் 90 சதவீதம் கொழுப்பாகக் கொடுத்தபோது எடை இறங்கியது, ஆனால் அதில் எவ்வளவு வெறும் நீர் என்ற வாக்குவாதம் பிறகு வந்தது.

இன்னொரு ஆய்வும் தெரிந்திருக்க வேண்டும். 2011-ல் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் டைப் 2 உள்ள சிலருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி மட்டும் கொடுத்தார்கள், அது கொழுப்பு உணவும் இல்லை. ஒரே வாரத்தில் அவர்களின் வெறும் வயிற்றுச் சுகர் இயல்பு நிலைக்கு வந்துவிட்டது. அதாவது, கலோரி குறைந்தாலே சுகர் இறங்கும். கொழுப்பு விரத நாளில் நீங்கள் சாப்பிடுவதும் குறைவுதானே? பலன் தெரிந்தால் அது கொழுப்பால் வந்ததா, குறைவாகச் சாப்பிட்டதால் வந்ததா? இதைப் பிரித்துப் பார்க்காமல் செய்கிற எந்தச் சோதனையும் அரைகுறைதான்.

விரதத்துக்கு முந்தைய வேலை

பெரும்பாலான உழைப்பு இங்கேதான். ஒரு வாரமாவது எதையும் மாற்றாமல் இருங்கள். எழுந்தவுடன் ஒரு ரீடிங், ராத்திரி சாப்பிட்ட நேரம், தூங்கிய நேரம், நடந்தீர்களா, உடம்பு சரியில்லையா, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். தூக்கம் கெட்ட மறுநாள் சுகர் எப்படி நிற்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். அது தெரியாமல் போனால் பிற்பாடு எல்லாப் பழியும் புகழும் விரதத்துக்குப் போகும்.

அப்புறம் ஒரு 'சோதனைச் சாப்பாடு' முடிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடுவதாக, தராசில் நிறுத்து ஒவ்வொரு முறையும் அதே அளவில் செய்ய முடிவதாக, மாவுச்சத்து இருப்பதாக இருக்கட்டும். அதை எப்போதும் ராத்திரி ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள், ஏனென்றால் அதே சாப்பாடு காலையில் ஒரு மாதிரியும் ராத்திரி ஒரு மாதிரியும் சுகரை ஏற்றும். சாப்பிடும் முன், 1 மணி, 2 மணி, 3 மணி நேரம் கழித்து அளந்து எழுதுங்கள். விரதத்துக்கு முன்பே இரண்டு மூன்று தடவை செய்துவிட்டால், ஒன்றும் மாற்றாமலேயே எண்கள் எவ்வளவு ஆடுகின்றன என்று புரியும். நிறையவே ஆடும்.

மீட்டரையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். இப்போதுள்ள சர்வதேசத் தரப்படி, சுகர் 100-க்கு மேல் இருக்கும்போது 15 சதவீதம் கூடவோ குறையவோ காட்டுகிற மீட்டரும் நல்ல மீட்டர்தான். ஆகவே 118 நேற்று, 109 இன்று என்பதெல்லாம் முன்னேற்றமே இல்லை, வெறும் மீட்டர் ஆட்டம். கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள், நம்ப முடியாத எண் வந்தால் உடனே இன்னொரு ஸ்ட்ரிப். உடம்பில் ஒட்டும் சென்சார் வைத்திருப்பவர்கள், அது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள திரவத்தை அளக்கிறது, சில நிமிடம் பின்தங்கும் என்பதையும், தூக்கத்தில் அதன் மேல் அழுத்திப் படுத்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விரத நாள்

ராத்திரிச் சாப்பாட்டிலிருந்து மறுநாள் ராத்திரிச் சாப்பாடு வரை, 24 மணி நேரம். முதல் தடவைக்கு அதுவும் வேண்டாம், காலைச் சாப்பாட்டை மட்டும் கொழுப்பாக மாற்றி வயிறு என்ன சொல்கிறது என்று பாருங்கள். வயிறு சில சமயம் கறாராகப் பேசும்.

முழு நாளுக்கு மொத்தம் 800 முதல் 1000 கலோரி, நாலைந்து பங்காகப் பிரித்து. ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெய் சுமார் 100 கலோரி, எண்ணெய் சுமார் 120. பால், சர்க்கரை சேர்க்காத காபியிலோ டீயிலோ வெண்ணெயை நன்றாக அடித்துக் கலந்து குடிப்பவர்கள் அதிகம். க்ரீம் என்றால் லேபிளைப் பாருங்கள், அதில் கொஞ்சம் மாவுச்சத்து உண்டு, சர்க்கரை சேர்த்ததும் விற்கிறார்கள். தேங்காய் எண்ணெய், அதிலிருந்து பிரித்தெடுத்து விற்கும் எம்.சி.டி. எண்ணெய் இரண்டையும் ஒரு டீஸ்பூனில் தொடங்குங்கள். ஒரேயடியாக ஊற்றிக்கொண்டால் அன்றைய பொழுது கழிப்பறையில்தான். பாதாம், சீஸ் எல்லாம் கொழுப்பு வகை மாதிரி தெரிந்தாலும் அவற்றில் புரதமும் கணிசம், பாதாமில் மாவுச்சத்தும் உண்டு, எனவே இந்தச் சோதனையில் சேர்க்காதீர்கள்.

தண்ணீர் தாராளமாக. இன்சுலின் இறங்கும்போது சிறுநீரகம் உப்பை வெளியே விடும், அதனால்தான் சிலருக்குத் தலைவலி, எழுந்தால் தலைசுற்றல் எல்லாம் வருகிறது. உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கட்டுப்படுத்தாதவர்கள் ஒரு சிட்டிகை உப்பு போட்ட தண்ணீர் குடிக்கலாம். பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் பிரஷரையும் அளக்க வேண்டும், அன்று அது வழக்கத்தைவிட இறங்கலாம். புதிதாக ஜிம்முக்குப் போவது, நீண்ட தூரம் வண்டி ஓட்டுவது இரண்டும் அன்று வேண்டாம். கூட இருப்பவர் ஒருவருக்கு விஷயம் தெரிந்திருக்கட்டும்.

எழுந்தவுடன், மதியம், மாலை, விரதம் முடிக்கும் முன் அளவு பாருங்கள், இடையில் உடம்புக்கு ஏதோ மாதிரி இருந்தால் உடனே. காலையில் ஒன்றுமே சாப்பிடாமல் 140 காட்டினால் பதறாதீர்கள். விடியும் முன் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் ஏறுவதால் கல்லீரல் குளுக்கோஸை அவிழ்த்துவிடும், வெண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வசதி இருந்தால் ரத்தக் கீட்டோன் ஸ்ட்ரிப்பும் வைத்துக்கொள்ளுங்கள். 0.5 மில்லிமோல் தாண்டினால் உடம்பு கொழுப்புக்கு மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 1.5 தாண்டினால் விரதத்தை முடித்துவிட்டு டாக்டரை அழையுங்கள், 3 என்றால் நேரே மருத்துவமனை.

சுகர் 70-க்குக் கீழே போனால் சோதனை அங்கேயே முடிந்தது. 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி அளவு, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. வெண்ணெய்க் காபி குடித்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தி குளுக்கோஸ் ஏறுவதையும் தாமதமாக்கும். 54-க்குக் கீழே என்றாலோ, லோ சுகர் திரும்பத் திரும்ப வந்தாலோ உடனே மருத்துவ உதவி. பீட்டா பிளாக்கர் (பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுப்பது) மாத்திரை எடுப்பவர்களுக்கு லோ சுகரின் படபடப்பு தெரியாமலே போகலாம், அவர்கள் அடிக்கடி அளக்க வேண்டும். சுகர் 250-க்கு மேல் நிற்பது, வாந்தி, வயிற்று வலி, மூச்சு வேகமாக வாங்குவது, நெஞ்சு வலி, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

உண்மையான சோதனை

விரதத்தை அந்தச் சோதனைச் சாப்பாட்டோடேயே முடியுங்கள். எண்கள் முன்பைவிட அதிகமாக ஏறினால் ஆச்சரியப்படாதீர்கள். கொழுப்பை எரித்துக்கொண்டிருந்த தசைகள் குளுக்கோஸை உடனே உள்ளே விடாது, இது தற்காலிகம். குளுக்கோஸ் கரைசல் குடித்துச் செய்யும் பரிசோதனைக்கு முன் மூன்று நாள் தினமும் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து சாப்பிடச் சொல்வதும் இதே காரணத்துக்குத்தான். இந்த ஒரு ரீடிங்கைப் பார்த்து, விரதம் சுகரைக் கெடுத்துவிட்டது என்று ஓடிவிடுபவர்களும் உண்டு.

நடுவில் வழக்கமாகச் சாப்பிட்டு, மூன்றாம் நாள் ராத்திரி அதே சாப்பாடு, அதே நாலு அளவு. நமக்கு வேண்டிய எண் இதுதான். கூடவே விரதத்துக்குப் பிந்தைய மூன்று காலை ரீடிங்கின் சராசரியையும் எடுங்கள். நன்றாக வந்த ஒரு காலையை மட்டும் பிடித்துக்கொண்டு கொண்டாடுவது நம்மை நாமே ஏமாற்றுவது.

இரண்டு வாரம் விட்டு இன்னொரு 24 மணி நேரம். இந்த முறை கொழுப்பு வேண்டாம், புரதமும் காய்கறியும் கொஞ்சம் மாவுச்சத்துமாக வழக்கமான உணவையே அதே 800, 1000 கலோரிக்குள் சாப்பிடுங்கள். மருந்து எச்சரிக்கை, அளவு, சோதனைச் சாப்பாடு எல்லாம் அப்படியே. முடிந்தால் இரண்டு வகையையும் மறுபடி ஒரு முறை, வரிசையை மாற்றி. பொறுமை வேண்டும்தான், ஆனால் ஒரே ஒரு தடவை வந்த எண்ணை நம்பி சாப்பாட்டு முறையையே மாற்றுவதற்கு இது எவ்வளவோ மேல்.

மூன்றாம் நாள் 2 மணி நேர ரீடிங் பழைய சராசரியைவிட 30 புள்ளியாவது குறைந்து, திரும்பச் செய்தபோதும் அப்படியே வந்தால் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். அதற்குக் கீழே என்றால் மீட்டர் ஆட்டம். இரண்டு வகை நாளும் ஒரே பலனைக் கொடுத்தால், யோசிக்கவே வேண்டாம், புரதமும் காய்கறியும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள், அதுதான் நீண்ட நாள் தாங்கும். கொழுப்பு நாள்தான் தெளிவாக முந்துகிறது என்றால் நோட்டோடு டாக்டரிடம் போங்கள், எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்பதை மருந்தோடு சேர்த்து அவர் முடிவு செய்யட்டும். லிப்பிட் பரிசோதனையை மறுபடி எடுங்கள், ஆனால் விரதத்துக்கு மறுநாளே வேண்டாம். எச்பிஏ1சி இரண்டு மூன்று மாதச் சராசரி, எப்போதோ ஒரு நாள் இருந்த விரதம் அதில் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு நாள் நன்றாகப் போனதால் நாலு நாள் நீட்டலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். புரதம் இல்லாத நாட்கள் கூடக் கூட உடம்பு தசையைக் கரைத்துத்தான் ஈடுகட்டும், சாப்பிட்ட பிறகு குளுக்கோஸை அதிகமாக வாங்கி வைத்துக்கொள்வதே அந்தத் தசைதான்.