பன்றி சினை பிடிக்கவில்லையா? ராமநாதபுரம் கடலோரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆனி, ஆடி மாதங்களில் மண்டபம் பக்கமோ சாயல்குடி பக்கமோ பன்றி வளர்ப்பவர்களிடம் பேசினால் ஒரே புலம்பலைக் கேட்கலாம்: "பருவத்துக்கு வருது, சேத்து விடுறோம், சினை நிக்க மாட்டேங்குது." உடனே பழி தாய்ப்பன்றி மேல் விழும். மலடு என்று முத்திரை குத்தி வியாபாரியிடம் தள்ளிவிடுவார்கள். பாதிக்கு மேல் அது தவறான தீர்ப்பு என்பது என் எண்ணம். இனவிருத்தியில் தப்பு நடக்கும் நாள் ஒன்று, அது கண்ணுக்குத் தெரியும் நாள் வேறு. ஆடியில் தெரிகிற கோளாறின் வேர் சித்திரை வெயிலிலோ, அப்போது கொடுத்த தண்ணீரிலோ இருக்கும். அதனால் எந்தத் தவறு எத்தனை நாள் கழித்து வெளியே வரும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆண் பன்றியை மறந்துவிடுவது

பன்றிக்கு வியர்த்து உடம்பு குளிராது. வெண்பன்றிக்கு இன்னும் மோசம், வெயிலில் தோலே வெந்துவிடும். நம் கடலோரத்தில் வெப்பத்தோடு காற்றில் ஈரமும் சேர்ந்திருப்பதால் மூச்சு வாங்கிச் சூட்டைத் தணிப்பதும் கடினம். இதில் முதலில் அடிபடுவது பொலி பன்றியின், அதாவது சேர்க்கைக்கு வைத்திருக்கும் ஆணின் விந்து.

விந்தணு உருவாகி, முதிர்ந்து, வெளியே வர ஏறத்தாழ 6 வாரம் ஆகும். ஆக, அக்கினி நட்சத்திரத்தில் நாலைந்து நாள் தகரக் கூரைக்குக் கீழே வெந்த ஆண் பன்றியின் விந்து, அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் கெடத் தொடங்கும். அப்புறம் ஒன்றரை மாதம் வரை சரியாகாது. இடைப்பட்ட நாளில் அது வழக்கம் போலத் தின்னும், ஆர்வமாக ஏறும். பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. கோமாரியோ வேறு காய்ச்சலோ வந்து தேறிய ஆண் பன்றிக்கும் இதே கதைதான். பெண் பன்றிகள் வரிசையாக மூன்று நான்கு சினை பிடிக்காமல் திரும்பினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆண் பன்றியைத்தான். எல்லாப் பெண்ணும் ஒரே நேரத்தில் மலடாகாது.

கையில் காசு குறைவு என்றால், பண்ணையிலேயே நல்ல நிழலும் காற்றும் உள்ள அறையை ஆண் பன்றிக்குக் கொடுங்கள். தகரத்தின் மேல் பனை ஓலை வேய்ந்தாலே கீழே சூடு நன்றாகக் குறையும். ஓலைக்கு இங்கே பஞ்சமில்லை. கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். பக்கச் சுவர் இடுப்பளவு போதும், மேலே கடல் காற்று நுழைய வேண்டும். உடம்பில் தண்ணீர் தெளிப்பது நல்லதுதான், ஆனால் காற்றோட்டம் இருந்தால் மட்டும். நாலு பக்கமும் சாக்குப் படுதா கட்டிவிட்டு உள்ளே தண்ணீரை அடித்தால் புழுக்கம்தான் கூடும்.

எண்ணிக்கையிலும் கஞ்சத்தனம் செய்கிறார்கள். ஒரே ஆணை வைத்து இருபது, இருபத்தைந்து பெண்களை ஓட்டுவது சரிப்படாது. தேசிய கால்நடை இயக்கத்தின் மானியத் திட்டமே 100 பெண்ணுக்கு 10 ஆண் என்ற கணக்கில்தான் வகுக்கப்பட்டது. எட்டு மாதம் ஆகாத ஆணைப் பொலிக்கு விட வேண்டாம். முதல் சில மாதங்களுக்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று, அக்கம்பக்கத்து ஆணையே சுற்றிச் சுற்றி வாடகைக்கு எடுப்பது. ஒரு பண்ணையின் கருச்சிதைவு நோய் இன்னொரு பண்ணைக்குப் போக இதைவிடச் சுலபமான வழி இல்லை. அதோடு, அந்த ஆண்தான் உங்கள் இளம் பெண் பன்றிகளுக்கு அப்பனாக இருக்கும். அப்பனையும் மகளையும் சேர்த்தால் குட்டி எண்ணிக்கை குறையும், ஆசனவாய் இல்லாத குட்டி, குடலிறக்கம் உள்ள குட்டி என்று வரும். வெளி மாவட்டத்திலிருந்து ரத்த உறவில்லாத ஆணை வாங்குவது செலவு போலத் தெரிந்தாலும் லாபம்தான். சென்னைக்கு அருகே காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தில் பன்றி இனப்பெருக்கம் நீண்ட காலமாக நடக்கிறது, அங்கே விசாரிக்கலாம். புதிதாக வாங்கியதை ஒரு மாதமாவது தனியே வைத்துப் பார்த்த பிறகே மந்தையில் விடுங்கள்.

சிவந்ததும் சேர்த்துவிடுவது

பெண் பன்றி 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். இரண்டு மூன்று நாள் முன்பின் இருக்கலாம். பிறப்புறுப்பு வீங்கிச் சிவப்பது பருவம் நெருங்குகிறது என்பதற்கான முன்னறிவிப்பு மட்டுமே. நம்மவர்கள் அதைப் பார்த்ததும் ஆணிடம் ஓட்டிப் போகிறார்கள். பெண் பன்றி நிற்காது, கத்தும், ஓடும். சிலர் கட்டிப் பிடித்துச் சேர்க்கிறார்கள். சேர்ந்தது போல் இருக்கும், சினைதான் பிடிக்காது.

சரியான அறிகுறி முதுகில் இருக்கிறது. இரண்டு கையாலும் இடுப்பை அழுத்தும்போது நகராமல், காதை விறைத்துக்கொண்டு, கல் போல் நின்றால் அதுதான் உண்மையான பருவம். இந்த நிலை இளம் பன்றிக்கு ஒன்று முதல் இரண்டு நாளும், ஈன்ற பன்றிக்கு இரண்டு முதல் மூன்று நாளும் நீடிக்கும். கருமுட்டை வெளியாவது அதில் மூன்றில் இரண்டு பங்கு கழிந்த பிறகு. ஆகவே அசையாமல் நின்றதைக் கண்டு 12 மணி நேரத்தில் ஒருமுறையும், மேலும் 12 மணி நேரம் கழித்து மறுமுறையும் சேர்க்க வேண்டும். இளம் பன்றியாக இருந்தால் முதல் தடவையைத் தள்ளிப் போடாதீர்கள். ஒரு தடவை சேர்த்தால் போதும் என்று விடுவதால் சினை தவறுவதும் உண்டு, குட்டி குறைவதும் உண்டு.

பருவம் பார்க்கும் நேரமும் முக்கியம். நண்பகலில் சூட்டில் துவண்டு கிடக்கும் பன்றி எதையும் காட்டாது. விடியலில் ஒருமுறை, பொழுது சாய்ந்து ஒருமுறை பாருங்கள். கறுப்பு நாட்டுப் பன்றிக்குச் சிவப்பு தெரியாது என்பதால் முதுகை அழுத்திப் பார்ப்பது ஒன்றே வழி. ஆணும் பெண்ணும் நாள் முழுக்க ஒரே அடைப்பில் கிடப்பதும் நல்லதல்ல. வாசம் பழகிப்போய்ப் பெண் பன்றி பருவத்தைச் சரியாகக் காட்டாது. தனியே வைத்து, தினம் கால் மணி நேரம் ஆணை வேலிக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்துங்கள். ஐந்தரை ஆறு மாத இளம் பன்றிகள் சீக்கிரம் பருவத்துக்கு வரவும் இது உதவும். ஆனால் முதல் பருவத்திலேயே சேர்க்க வேண்டாம். எட்டு மாதம், நூறு கிலோவை ஒட்டிய எடை, இரண்டாவது அல்லது மூன்றாவது பருவம்: இந்த மூன்றும் கூடிவரட்டும்.

செயற்கைக் கருவூட்டலுக்கு விந்து வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. மாட்டு விந்து போல இதை உறைய வைப்பதில்லை. பன்றி விந்தைத் திரவமாகவே 15 முதல் 18 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். பனிக்கட்டிப் பெட்டியில் நேரடியாகப் போட்டாலும் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தாலும் செத்துவிடும். இந்த வெயிலில் பைக் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாலும் அதே கதிதான்.

கருவாட்டுக் கழிவும் உப்புத் தண்ணீரும்

இதைப் பற்றி மற்ற மாவட்டத்துக்காரர்கள் அதிகம் பேசுவதில்லை, நமக்கோ இதுதான் பெரிய தலைவலி.

கடலோரத்தில் கிணற்று நீர் உவர்ப்பு. கோடையில் இன்னும் கரிக்கும். அதோடு தீவனம் கருவாட்டுக் கழிவாக இருந்தால் உப்பின் மேல் உப்பு. அதைத் தாங்க ஒரே வழி வேண்டிய மட்டும் நல்ல தண்ணீர் குடிப்பதுதான். தண்ணீர் லாரி இரண்டு நாள் வராமல் தொட்டி காய்ந்து, பிறகு திடீரென்று நிறையக் கிடைத்தால் பன்றி ஆசை தீரக் குடித்துவிட்டு, கண் தெரியாமல் சுவரில் முட்டும், வட்டமடிக்கும், வலிப்பு வந்து விழும். இது உப்பு நச்சு. காய்ந்த பன்றிக்குத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும், பாக்கெட்டில் வைக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி மாதம் ஒருமுறை அளந்து குறியுங்கள். 3000 பிபிஎம் வரை பெரிய பிரச்சினை இல்லை. 5000-ஐத் தாண்டினால் சினைப் பன்றிக்கும் பால் கொடுப்பதற்கும் வேறு தண்ணீர் பாருங்கள். 7000-க்கு மேல் எந்தப் பன்றிக்கும் வேண்டாம். மழைக்காலத்தில் ஊருணி நிறைந்திருக்கும்போது அளந்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று சித்திரை வரை நம்புவது வழக்கமான ஏமாற்றம். பால் கொடுக்கும் பன்றிக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 30 லிட்டர் தேவை, கோடையில் அதற்கும் மேலே. அது குறைந்தால் தீனி குறையும், பால் குறையும், உடம்பு இளைக்கும். குட்டி பிரித்த பிறகு பருவத்துக்கே வராது. தண்ணீர் குறைவாகக் கொடுத்ததன் விலை இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும்.

தீவனத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை. மீன் கழிவை நம்பியிருக்கும் பண்ணையில் அன்று முதல் புரதம் சட்டென்று சரியும். வெயிலும் அதே மாதங்களில்தான். அந்த இடத்தை ஓட்டல் சோறு நிரப்பும். ராமேஸ்வரத்தில் அமாவாசைக் கூட்டம் கூடினால் மிச்சச் சோறு குவியும், மறு வாரம் ஒன்றும் இருக்காது. சோறு கொழுப்பைக் கூட்டும். கருவுக்கு வேண்டிய புரதத்தையும் தாது உப்பையும் தராது. பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும் பன்றி சினை பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். தடைக்காலத்துக்கு முன்பே கடலைப் புண்ணாக்கோ சோயாப் புண்ணாக்கோ வாங்கி வைத்துவிடுவது நல்லது, ஆனால் ஈரக் காற்றில் பூஞ்சை பிடிக்காமல் பலகை மேல் அடுக்குங்கள். பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் தின்ற பெண் பன்றிக்குப் பருவம் இல்லாமலே பிறப்புறுப்பு வீங்கும், இல்லாத பருவத்தை நம்பி நாம் அலைவோம்.

பச்சை மீன் கழிவையும் ஓட்டல் கழிவையும் வேக வைக்காமல் போடவே கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-இல் அசாம் பக்கம் வந்ததிலிருந்து இது கட்டாயம். வந்த பிறகு காப்பாற்ற மருந்து இல்லை.

சேர்த்த பிறகு முதல் மாதம்

சேர்த்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். கரு கர்ப்பப்பையில் ஒட்டுவது ஏறக்குறைய இரண்டாவது, மூன்றாவது வாரத்தில். அந்த மாதத்தில் இடம் மாற்றுவது, புதிய கூட்டத்தோடு கலந்து சண்டை போட விடுவது, வண்டியில் ஏற்றுவது, வெயிலில் விடுவது எல்லாமே கருவைக் கரைக்கும். "சினையாச்சே" என்று மறுநாளே தீனியை அள்ளிக் கொட்டுவதும் அப்படித்தான், குறிப்பாக இளம் பன்றிக்கு. சேர்ப்பதற்கு முன் பத்து, பதினான்கு நாள் தீனியைக் கூட்டலாம். சேர்த்த பிறகு இரண்டு, இரண்டரை கிலோ அளவுக்குக் குறைத்து, கடைசி மாதத்தில் மறுபடி கூட்டுங்கள்.

18-வது நாளிலிருந்து 24-வது நாள் வரை மறுபடி பருவம் வருகிறதா என்று கவனிப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்தத் தேதிதான் துப்புக் கொடுக்கும். சரியாக 21 நாளை ஒட்டித் திரும்பினால் சினையே பிடிக்கவில்லை: சேர்த்த நேரம் தவறு, அல்லது ஆணில் குறை. 25-க்கு மேல் 35-க்குள் திரும்பினால் பிடித்த சினை கரைந்திருக்கலாம்: வெயில், சண்டை, நோய் என்று அந்தப் பக்கம் தேடுங்கள். தேதியே எழுதி வைக்காதவருக்கு இந்த வித்தியாசம் தெரிய வாய்ப்பில்லை. கொட்டகைச் சுவரில் கரியால் எழுதினாலும் போதும். ஒரு பருவம் தவறினால் 21 நாள், அதாவது ஒரு பன்றிக்கு நாற்பது, ஐம்பது கிலோ தீவனம் வீண்.

சினை மாதங்களில் கரு கலைந்தாலோ, செத்த குட்டிகளும் காய்ந்து சுருங்கிய குட்டிகளும் பிறந்தாலோ நோய் இருக்கலாம் என்று பொருள். எலிக்காய்ச்சல், புருசெல்லா, பார்வோ வைரஸ் என்று பல உண்டு. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ரத்தப் பரிசோதனை வேண்டும். கலைந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் தொடாதீர்கள், இவற்றில் சில மனிதனுக்கும் தொற்றும். சாதாரணப் பன்றிக் காய்ச்சலுக்கான (ஆப்பிரிக்கக் காய்ச்சல் வேறு) தடுப்பூசியை எப்போது போடுவது என்பதைச் சேர்ப்பதற்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

ஈனும்போதும் அப்புறமும்

114-வது நாளை ஒட்டி ஈனும். காம்பில் பால் சொட்டினால் ஒரு நாளுக்குள் குட்டி வந்துவிடும். இரண்டு குட்டிகளுக்கு இடையே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகி, தாய் முக்கிக்கொண்டே இருந்தால் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-ஐக் கூப்பிடுங்கள். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசியை மருந்துக் கடையில் வாங்கி நாமே குத்துவது ஆபத்து. வழியில் குட்டி குறுக்கே கிடந்தால் கர்ப்பப்பை கிழிந்துவிடும்.

நம் ஊர் வெயிலில் குட்டிக்குச் சூடு எதற்கு என்று கேட்பார்கள். பிறந்த குட்டிக்கு 32 முதல் 34 டிகிரி வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாடைக் காற்று அடிக்கும் இரவில் ஒரு பல்பு இல்லாமல் பாதிக் குட்டிகளை இழந்தவர்கள் உண்டு. சுவரோரம் ஒரு சாண் உயரத்தில், ஒரு சாண் தள்ளிக் குழாய் அடித்துவிட்டால் தாய் படுத்து நசுக்குவது குறையும். சீம்பாலை முதல் சில மணி நேரத்திலேயே எல்லாக் குட்டியும் குடிக்க வேண்டும். மூன்றாம் நாள் இரும்புச்சத்து ஊசி.

குட்டியைப் பிரித்த 4 முதல் 7 நாளில் தாய் மறுபடி பருவத்துக்கு வரும். அந்த வாரத்தில் ஊருக்குப் போய்விட்டால் போச்சு.

கிறிஸ்துமஸ் விற்பனையைக் குறிவைப்பவர்கள் இதையெல்லாம் வைத்துக் கணக்குப் போடலாம். டிசம்பர் 20-இல் சேர்த்தால் ஏப்ரல் 13-ஐ ஒட்டி ஈனும், குட்டிகளுக்கு அடுத்த கிறிஸ்துமஸுக்கு எட்டு மாதம். சேர்க்கை குளிர்ச்சியான மாதத்தில் நடந்துவிடுகிறது. ஈற்று வெயிலில் வருகிறதே என்றால், ஈனும் தாயை நிழலாலும் தண்ணீராலும் காப்பாற்றலாம், மே மாதத்தில் கெட்ட விந்தை ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு வேறு ஆண்களோடு, சரியான நேரத்தில், குளிர்ச்சியான மாதங்களில் சேர்த்தும் சினை நிற்காத பன்றியை மட்டும் கழித்துவிடுங்கள். ஆறேழு ஈற்று கண்டு குட்டி குறைந்து போனதையும் அதோடு விற்றுவிடலாம்.