சோயா மீட் சாப்பிட்டும் கொலஸ்ட்ரோல் இறங்கவில்லையா? குழம்பைப் பாருங்கள்

பிழை சோயா மீட்டில் இல்லை, அதில் ஊற்றிய தேங்காய் முதல்பாலில். சோயாப் புரதம் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரோலை 3, 4 வீதம்தான் இறக்கும். தேங்காய்ப்பாலின் நிறைவுற்ற கொழுப்பு அதைத் திரும்ப ஏற்றிவிடும். இறைச்சிக்குப் பதிலாகச் சாப்பிட்டால்தான் பலன். கூடவே சாப்பிட்டால் எடை ஏறும், அவ்வளவுதான்.

நான் மாற்றிய முறை: ஒருவருக்கு நாளைக்குக் காய்ந்த சோயா மீட் 50 கிராம். புரதம் ஏறக்குறைய 25 கிராம் கிடைக்கும். பக்கற்றோடு வரும் சுவைத்தூள் வேண்டாம், ஒரே உப்பு. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும்; சுடுதண்ணீர் ஊற்றி மூடிவைத்தால் நடுப்பகுதி கட்டையாக நிற்கும். அடுப்பிலேயே 10 நிமிடம் கொதிக்கவிட்டு, பச்சைத்தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் வைத்துப் பிழியுங்கள். நுரை நிற்கும்வரை, இரண்டு மூன்று தடவை. பிழியாத துண்டில் மசாலா இறங்காது. சப்பென்று இருக்கிறதே என்று பொரித்தால், பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடிக்கும்.

ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வெங்காயம், கறிவேப்பிலை, ரம்பை. பிறகு தக்காளி, மிளகாய்த்தூள், பிழிந்த சோயா மீட், கடைசியில் லீக்ஸ். பால் இல்லாமலே குழம்பு தடிக்கும்.

எடையும் இறங்க வேண்டுமென்றால், கோதுமைமா ரொட்டி இரண்டை ஒன்றாகக் குறையுங்கள். தைராய்டுக்குத் தைரொக்சின் குளிசை போடுபவர்கள் சோயாவுக்கு 4 மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். கொலஸ்ட்ரோல் குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.