நடை ஆய்வகத்தில் கணினி காட்டிக்கொடுக்காத தவறுகள்

ஆட்களை நடக்கவைத்து, கேமராக்களால் மூட்டு அசைவை அளக்கும் கெயிட் லேப் எனப்படும் நடை ஆய்வகத்தில் டெக்னிக்கல் ஸ்பெஷலிஸ்டாகச் சேர்பவர்கள் முதல் மாதம் முழுக்க சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டுவார்கள். அது போகப்போகக் கைக்கு வந்துவிடும். கேமரா இணைப்பு அறுந்தால் திரையே சொல்லும். லைசென்ஸ் தீர்ந்தாலும் சொல்லும். வேலையைக் கெடுப்பவை வேறு. கேமரா பின்தொடர்வதற்காக உடம்பில் ஒட்டும் பளபளக்கும் சிறு உருண்டைதான் மார்க்கர்; அது இடம் மாறி ஒட்டப்பட்டிருந்தால் கணினி வாயே திறக்காது. மூட்டுக் கோணத்துக்கு வழுவழுப்பான வளைகோடு ஒன்றை வரைந்து நீட்டிவிடும். அதை நம்பி ஒருவர் ஆய்வேடு எழுதுவார், இன்னொருவர் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிப்பார்.

இதில் முதலிடம் முழங்காலுக்கு. மருத்துவ நடை ஆய்வில் பரவலாகப் புழங்கும் பிளக்-இன் கெயிட் போன்ற, மார்க்கர் இடங்களிலிருந்து மூட்டுக் கோணத்தைக் கணக்கிடும் மாடல்களில், முழங்கால் எந்த அச்சில் மடங்குகிறது என்பதை இடுப்பு மூட்டின் மையம், முழங்காலின் வெளிப்பக்க மார்க்கர், தொடை மார்க்கர் மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. தொடை மார்க்கரைக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ ஒட்டினால் அச்சு திரும்பிவிடும். கால் காற்றில் வீசும்போது முழங்கால் ஏறத்தாழ 60 டிகிரி மடங்குகிறது. அச்சு திரும்பியிருந்தால் அந்த மடக்கத்தில் ஒரு பங்கு பக்கவாட்டு வளைவாகக் கசிந்து தெரியும். நல்ல முழங்கால் வீச்சின்போது பக்கவாட்டில் அவ்வளவு வளையாது. ஆகவே மடக்கக் கோடு ஏறும்போதெல்லாம் பக்கவாட்டுக் கோடும் கூடவே ஏறினாலோ இறங்கினாலோ, ஆளின் முழங்காலைச் சந்தேகிக்கும் முன் உங்கள் மார்க்கரைச் சந்தேகியுங்கள். அதே பிழை இடுப்பின் சுழற்சிக் கோணத்தையும் மாற்றிவிடும். பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்குத் தொடை எலும்பைத் திருப்பி வைக்கலாமா என்று யோசிக்கும் டாக்டர் பார்க்கும் எண்களில் அதுவும் ஒன்று.

முப்பரிமாண நடை அளவீடு எவ்வளவு நம்பகமானது என்பது பற்றி மெக்கின்லி குழுவினர் 2009-ல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். பெரும்பாலான பிழைகள் 5 டிகிரிக்குள் இருந்தன. இடுப்பு, முழங்கால் சுழற்சியில்தான் பிழை அதிகம். சிகிச்சைக்கு முன் ஒருவரும் பின் வேறொருவரும் மார்க்கர் ஒட்டினால், கைமாறியதால் வந்த வித்தியாசம் சிகிச்சையின் பலனாகத் தெரியலாம். ஒரே ஆளுக்கு ஒரே கை என்பதை என்ன அவசரம் வந்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். எலும்பு முனையைப் படுக்கவைத்துத் தேடுவதும் தவறு. எழுந்து நின்றதும் தோல் நகர்ந்துவிடும், குறி எலும்பை விட்டு விலகிவிடும்.

அடுத்தது அறை. நம் ஊர்ப் பெண்கள் கொலுசும் மெட்டியும் அணிந்துதான் வருவார்கள். அகச்சிவப்புக் கேமராவுக்கு வெள்ளிப் பளபளப்பும் மார்க்கர் போலத்தான் தெரியும். ஸ்போர்ட்ஸ் ஷூவின் ரிஃப்ளெக்டர் பட்டையும், ஜன்னல் இடுக்கில் வரும் வெயிலும் அப்படியே. மெட்டியைக் கழற்றச் சொல்வது சிலருக்குச் சங்கடம். அதன் மேல் பளபளக்காத மேட் டேப் ஒட்டினால் போதும், வற்புறுத்த வேண்டாம். அரைக்கால் உடையில் நிற்கவேண்டியிருக்கும் என்பதை முன்னாளே போனில் சொல்லிவிடுங்கள். பெண்களுக்குப் பெண் ஒருவர் ஒட்டுவது நல்லது. கூச்சத்தோடு நடப்பவரின் நடை அவருடைய நடை அல்ல.

கேமராக்களை அளவுக்குச் சரிசெய்யும் கேலிபரேஷனில் ஓர் ஏமாற்று உண்டு. அதற்கான மார்க்கர் பொருத்திய கோலை (வாண்ட்) அறையின் நடுவில் மட்டும் ஆட்டினால் பிழை எண் அழகாகக் குறைந்து வரும். அந்த எண் நீங்கள் ஆட்டிய இடத்துக்கு மட்டும்தான் பொருந்தும். பாதம் தரையோரம் போகிறது. ஆகவே தரையை ஒட்டியும், நடைபாதையின் இரு கோடிகளிலும் ஆட்டவேண்டும். கேமரா ஸ்டாண்டை யாராவது இடித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான், அலுப்புப் பட்டுப் பயனில்லை.

பாதம் தரையை அழுத்தும் விசையை அளக்கும் தளமான ஃபோர்ஸ் பிளேட்டின் இடம் சாஃப்ட்வேரில் ஒரு சென்டிமீட்டர் தப்பாகப் பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 70 கிலோ ஆள் தரும் விசை சுமார் 700 நியூட்டன். அதை 0.01 மீட்டரால் பெருக்கினால் 7 நியூட்டன் மீட்டர் பொய்யான திருப்புத்திறன் (விசை மூட்டைத் திருப்பும் அளவு). நடக்கும்போது முழங்காலின் பக்கவாட்டுத் திருப்புத்திறனே சில பத்து நியூட்டன் மீட்டர்தான்! மார்க்கர் ஒட்டிய கம்பு ஒன்றைத் தளத்தில் ஊன்றிச் சாய்த்து அழுத்திப் பாருங்கள். விசைக் கோடு கம்பின் வழியே போகவேண்டும். அழுத்தத்தை மின்னூட்டமாக மாற்றும் பீசோ வகைத் தளங்களில் பூஜ்யம் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், கடைக்காரர் தராசு முள்ளைப் பார்ப்பதுபோல, ஒவ்வொரு நடைக்கும் முன் காலித் தளத்தில் பூஜ்யம் வைக்கவேண்டும்.

“இந்தத் தளத்தில் கால் வைங்க” என்று சொல்வது பலரும் செய்யும் தவறு. சொன்ன மறுகணம் ஆள் குனிந்து தளத்தைப் பார்த்து அடியை நீட்டுவார், குறுக்குவார். தளத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். பாதம் விளிம்பில் விழுந்தால் தொடங்கும் இடத்தைக் கொஞ்சம் முன்பின் மாற்றி நிறுத்துங்கள். முதல் சில நடைகளைப் பழக்கத்துக்கென்று விட்டுவிடுங்கள்.

தசையின் மின் சிக்னலை அளக்கும் ஈ.எம்.ஜி-யில் நமக்கே உரிய எதிரி தேங்காய் எண்ணெய். எண்ணெய் தேய்த்து வந்த காலில் எலக்ட்ரோடு ஒட்டினாலும் சிக்னல் சரியாக வராது. முடி மழித்து ஆல்கஹாலால் துடைக்கவேண்டும். ஈ.எம்.ஜி அளவீட்டுக்கான செனியாம் என்ற ஐரோப்பியத் திட்டத்தின் பரிந்துரைப்படி இரு எலக்ட்ரோடுகளுக்கும் இடையே 20 மில்லிமீட்டர், தசை இழைகள் ஓடும் திசையில். மின்சார இரைச்சல் வந்தால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை வெட்டியெடுக்கும் நாட்ச் ஃபில்டரை உடனே போட்டுவிடாதீர்கள். தசையின் சொந்த சிக்னலும் அந்த வட்டாரத்தில் நிறைய இருக்கிறது, அதையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள். முதலில் கேபிளையும் எர்த்தையும் பாருங்கள்.

இனி கணினிக்கு வருவோம். மார்க்கர் மறைந்த இடத்தில் இடைவெளியை ஊகித்து நிரப்பும் ‘கேப் ஃபில்’ பொத்தான் 40 ஃபிரேமைக்கூட மறுப்பின்றி நிரப்பிவிடும். 100 ஹெர்ட்ஸில் அது 0.4 விநாடி. சாதாரண நடையில் கால் காற்றில் இருக்கும் நேரமே ஏறத்தாழ அவ்வளவுதான். அதாவது ஒரு முழு வீச்சைக் கணினி கற்பனை செய்திருக்கிறது. இப்படி நிரப்பிய நடையைத் தூக்கிப் போடுங்கள், இன்னொரு முறை நடக்கச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

வேகமான அசைவை இரைச்சல் என்று வெட்டிக் கோட்டை வழுவழுப்பாக்கும் ஃபில்டரும் அப்படித்தான். நடைக்குப் பழக்கமான 6 ஹெர்ட்ஸ் அளவைக் குதித்து இறங்கும் ஆய்வுக்கும் அப்படியே வைத்தால் மோதலின் உச்சம் மழுங்கிப்போகும். விசைக்கு ஓர் அளவும் மார்க்கருக்கு வேறோர் அளவும் வைத்தால், இறங்கும் கணத்தில் முழங்காலில் இல்லாத உச்சம் ஒன்று முளைக்கும். எந்த அளவு வைத்தாலும் எழுதிவையுங்கள், மூலக்கோப்பைத் தொடாதீர்கள். முகம் தெரியும் வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்புவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் நடக்கிறது.

பி.எச்டி மாணவர் கெடுவைச் சொல்லி அவசரப்படுத்துவார், பேராசிரியர் “பரவாயில்லை, எடுங்க” என்பார். இன்று அளவெடுக்கக்கூடாது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டா என்பதை வேலைக்குச் சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உங்கள் ஆட்சேபத்தை லாக் புத்தகத்தில் தேதியோடு எழுதுங்கள்.

மாதம் ஒருமுறை ஆய்வகத்து ஆள் ஒருவரையே நடக்கவைத்து, போன மாதக் கோட்டின் மேல் இந்த மாதக் கோட்டை வைத்துப் பாருங்கள். வடிவம் மாறாமல் கோடு மொத்தமாக மேலோ கீழோ நகர்ந்திருந்தால் மார்க்கர் ஒட்டிய கையைப் பாருங்கள். கோணங்கள் சரியாக இருந்து திருப்புத்திறன் மட்டும் மாறியிருந்தால் தளத்தின் பதிவைப் பாருங்கள். பக்கவாட்டுக் கோடு மடக்கக் கோட்டோடு சேர்ந்து ஆடத் தொடங்கியிருந்தால், மறுபடி அந்தத் தொடை மார்க்கர்தான்.