பொழுதுபோக்குக்கு டிஎஸ்எல்ஆர் வாங்குகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஎஸ்எல்ஆர் (உள்ளே ஒரு கண்ணாடி மேலேறி இறங்கும், லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) வாங்க இது நல்ல நேரம் என்றுதான் சொல்வேன். கேனான், நிக்கான் இரண்டுமே அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பக்கம் போய்விட்டன. 2020இல் வந்த கேனான் 1டிஎக்ஸ் மார்க் 3, நிக்கான் டி6 இரண்டுக்கும் பிறகு அந்த உச்ச வரிசையில் புதிய டிஎஸ்எல்ஆர் வரவில்லை. தொழில்முறைக்காரர்கள் பலர் மிரர்லெஸுக்கு மாறுவதால், நன்றாகப் பராமரித்த பாடிகளும் (லென்ஸ் இல்லாத கேமரா) லென்ஸ்களும் செகண்ட் ஹேண்டில் நிறைய வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையில் மயிலாப்பூர் மாட வீதியையும் காசிமேட்டையும் சுற்றிப் படம் எடுக்க ஆசைப்படுகிறவருக்கு இதைவிடக் குறைந்த செலவில் நல்ல கருவி அமைவது கடினம். ஆனால் வாங்குகிற இடத்தில் பலரும் ஒரே மாதிரி தடுக்கி விழுகிறார்கள். பாடியை மட்டும் ஆராய்ந்துவிட்டு, லென்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதில்தான் அது தொடங்குகிறது.

கையில் இருக்கிற பணம் முழுவதையும் பாடியில் போட்டுவிட்டு, கூட வருகிற 18-55 கிட் லென்ஸோடு வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் ஏராளம். கிட் லென்ஸ் மோசமானது இல்லை. நல்ல வெளிச்சத்தில் அதன் படம் தெளிவாகவே இருக்கும். ஆனால் 55 எம்எம்மில் அதன் அபர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது). சாயங்காலம் ஆறரைக்குக் கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாவைப் படம் எடுக்க நின்றால், ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறன்) ஏற்றி ஏற்றிப் படம் புள்ளி புள்ளியாகிவிடும், இல்லாவிட்டால் கை அசைந்து கலங்கிவிடும். அதே இடத்தில் எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கும் கூடுதலான வெளிச்சத்தை உள்ளே விடும். எந்த விலை உயர்ந்த பாடியும் கிட் லென்ஸோடு இந்த வித்தியாசத்தை ஈடுகட்டாது. கேனான் என்றால் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம், நிக்கான் என்றால் 35 எம்எம் எஃப் 1.8 டிஎக்ஸ். இரண்டுமே விலை குறைந்தவை, கைக்கு அடக்கமானவை. ஒரு படி கீழே இருக்கிற பாடியை எடுத்து, மிச்சப் பணத்தில் இதில் ஒன்றை வாங்குங்கள்.

லென்ஸ் வாங்கும்போது பொருத்தம் பார்க்காமல் வாங்குவது அடுத்தது. லென்ஸ் பாடியில் மாட்டும் இடம்தான் மவுன்ட். நிக்கான் எஃப் மவுன்ட் 1959இலிருந்தும், கேனான் இஎஃப் மவுன்ட் 1987இலிருந்தும் இருக்கின்றன. அதனால் பழைய லென்ஸ்கள் சல்லிசாகக் கிடைக்கும். மாட்டினால் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளவும் செய்யும். சிக்கல் மோட்டாரில்தான். நிக்கான் டி3500, டி5600 போன்ற பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. தனக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸை அவற்றில் போட்டால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது, கையால்தான் திருக வேண்டும். டி7200, டி7500 போன்றவற்றில் மோட்டார் உண்டு. பின்னாளில் மிரர்லெஸுக்கு மாறினாலும் இதே கதைதான்: பழைய லென்ஸை மிரர்லெஸில் மாட்ட உதவும் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில், மோட்டார் உள்ளே இருக்கிற ஏஎஃப்-எஸ் லென்ஸ் தானாக ஃபோகஸ் செய்யும், ஏஎஃப்-டி வகை செய்யாது. கேனான்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இஎஃப் லென்ஸ்கள் அடாப்டரோடு ஆர் வரிசை மிரர்லெஸ் பாடிகளில் ஆட்டோ ஃபோகஸோடு வேலை செய்யும். பாடி சில வருடங்களில் கை மாறிவிடும், லென்ஸ் கூடவே இருக்கும். எந்தப் பாடி என்று யோசிப்பதற்கு முன் எந்த மவுன்ட் என்று முடிவு செய்யச் சொல்வது இதனால்தான்.

மெகாபிக்சலைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 8க்கு 12 அங்குல பிரிண்ட்டை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) போட ஒன்பது மெகாபிக்சலுக்கும் குறைவாகவே தேவை. பழைய 16 மெகாபிக்சல் பாடிகூட வீட்டுச் சுவரில் மாட்டும் அளவுக்குத் தாராளமாகப் போதும்.

ஃபுல் ஃப்ரேம் மோகம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டிய விஷயம். ஃபுல் ஃப்ரேமின் 36க்கு 24 எம்எம் சென்சார் (படத்தைப் பதிவு செய்யும் சில்லு) குறைந்த வெளிச்சத்தில் நன்றாக இருக்கும், உண்மைதான். ஆனால் பாடியோடு சேர்ந்து லென்ஸின் எடையும் விலையும் ஏறும். நிக்கான் டி850 பாட்டரியோடு ஒரு கிலோ. டி3500 பாடி மட்டும் 365 கிராம். பங்குனி வெயிலில் அறுபத்துமூவர் கூட்டத்தில் நாலு மணி நேரம் கழுத்தில் தொங்கவிட்டால் அந்த வித்தியாசம் தெரியும். ‘இப்போதைக்குச் சின்ன சென்சார், நாளைக்கு ஃபுல் ஃப்ரேம்’ என்று நினைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: சின்ன சென்சாருக்கான கேனானின் இஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஃபுல் ஃப்ரேம் இஎஃப் பாடியில் மாட்டவே மாட்டாது. நிக்கானில் அதே வகையான டிஎக்ஸ் லென்ஸ் மாட்டும், ஆனால் சென்சாரின் நடுப்பகுதி மட்டுமே பயன்படும்.

பறவை பிடிக்கும் என்றால் சின்ன சென்சார்தான் கைகொடுக்கும். நிக்கானில் 1.5 மடங்கு, கேனானில் 1.6 மடங்கு என்று பார்வை குறுகுவதால், 300 எம்எம் லென்ஸ் 450, 480 எம்எம் போலக் காட்டும், தூரத்துப் பறவை படத்தில் பெரிதாகத் தெரியும். பள்ளிக்கரணையில் சாலையோரம் நின்று படம் எடுத்தவர்களுக்குத் தெரியும், பறவைகள் நம் வசதிக்குக் கிட்டே வந்து உட்காராது. 18-140 போன்ற ஒரே லென்ஸை நம்பி வேடந்தாங்கல் போனால் மரமும் அதில் வெள்ளைப் புள்ளிகளும்தான் மிஞ்சும். குறைந்தது 70-300 வேண்டும். 150-600 லென்ஸ் ஏறக்குறைய இரண்டு கிலோ. அதை வாங்கும் முன் ஒருநாள் வாடகைக்கு எடுத்துத் தூக்கிப் பாருங்கள்.

சிலருக்கு டிஎஸ்எல்ஆர் வேண்டாம் என்று நானே சொல்வேன். மார்கழிக் கச்சேரிகளில் படம் எடுக்க நினைக்கிறவர் அதில் ஒருவர். கண்ணாடி மேலேறி இறங்கும் ‘டப்’ சத்தம் ஆலாபனை நடுவே நாலு வரிசைக்குக் கேட்கும். அமைதி மோடு சத்தத்தைக் குறைக்கும், ஒழிக்காது. பாடுகிறவரையும் கேட்கிறவரையும் தொந்தரவு செய்து எடுக்கிற படம் தேவையில்லை. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் உள்ள மிரர்லெஸ்தான் அங்கே சரி. வீடியோ முக்கியம் என்கிறவரும் பார்த்து வாங்க வேண்டும். கேனானில் 200டி, 80டி, 90டி போன்ற டூயல் பிக்சல் (சென்சாரே ஃபோகஸ் பிடிக்கும்) பாடிகள் வீடியோவில் முகத்தை மெதுவாக, தடுமாறாமல் பின்தொடரும். 1500டியில் அந்த வசதி இல்லை. நிக்கானில் டி780 தவிர மற்றவை லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து எடுக்கும்போது) தேடித் தேடித்தான் ஃபோகஸ் பிடிக்கும்.

சரி, மாடல் முடிவாகிவிட்டது. இணையத்தில் படத்தைப் பார்த்தே பணம் அனுப்பிவிடாதீர்கள். கையில் பிடித்துப் பாருங்கள். சுண்டுவிரல் பிடியில் நிற்கிறதா, கட்டைவிரலுக்குச் சக்கரம் எட்டுகிறதா என்று பாருங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர் அதைப் போட்டுக்கொண்டே வியூஃபைண்டரின் நான்கு மூலையும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் என்றால் பகல் வெளிச்சத்தில், உங்கள் மெமரி கார்டோடு போங்கள். பெரும்பாலோர் ஷட்டர் கவுன்ட்டை (இதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை) மட்டும் கேட்டுவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். நிக்கானில் அது படத்தின் தகவலிலேயே பதிவாகியிருக்கும். கேனானின் பெரும்பாலான மாடல்களில் அப்படி இருக்காது. ஆரம்பநிலை பாடிகளின் ஷட்டர் ஒரு லட்சம் படம் வரை தாங்கும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் குறைவாக ஓடி, நாலு வருடம் பீரோவில் கிடந்த கேமராவைவிட அன்றாடம் ஓடிய கேமராவை நான் நம்புவேன். இந்த ஊரில் கேமராவைக் கெடுப்பது உழைப்பு இல்லை, ஈரம்.

லென்ஸைக் கழற்றி, போனின் டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கத்திலிருந்து சற்றே சாய்வாகப் பாருங்கள். நிக்கான் லென்ஸைக் கழற்றியதும் அபர்ச்சர் இதழ்கள் மூடிக்கொள்ளும். பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற சின்ன நெம்புகோலை விரல்நுனியால் தள்ளிப் பிடித்தால் திறக்கும். புதிய இ வகை லென்ஸ்களில் மட்டும் அந்த நெம்புகோல் இருக்காது. கேனான் லென்ஸ் திறந்தே இருக்கும். தூசி நாலைந்து தெரிந்தால் கவலை இல்லை. சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் படர்ந்திருந்தால் அது ஃபங்கஸ். எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சுத்தம் செய்தாலும் லென்ஸ் கண்ணாடியின் பூச்சை அது அரித்திருக்கலாம்.

அப்புறம், எஃப் 16 வைத்து வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சார் அழுக்கு கரும்புள்ளிகளாகத் தெரியும். ஒரு செய்தித்தாளை மேசையில் விரித்து, சாய்வாக நின்று, லென்ஸின் அதிகபட்ச அபர்ச்சரில் நடு வரிக்கு ஃபோகஸ் வையுங்கள். அந்த வரியை விட்டு முன்வரியோ பின்வரியோ கூர்மையாக வந்தால் ஃபோகஸ் பிசகியிருக்கிறது. 80டி, 90டி, டி7200, டி7500 போன்றவற்றில் மெனுவிலேயே அதைச் சரிசெய்யலாம். 1500டி, டி5600 போன்றவற்றில் முடியாது, சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். பாட்டரி உப்பியிருக்கிறதா, லென்ஸ் மவுன்ட்டின் திருகுகளில் கீறல் இருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் பில் இல்லாத சரக்கின் விலைக்கு மயங்க வேண்டாம். இந்திய வாரண்டி கார்டும், பாடியில் உள்ள சீரியல் எண்ணோடு பொருந்துகிற ஜிஎஸ்டி பில்லும் கையில் இருக்க வேண்டும்.

கடைசியாக, கேமராவோடு ஈரத்துக்கு எதிரான பாதுகாப்பையும் வாங்காமல் விடுவது. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும். பையில் போட்டுப் பீரோவுக்குள் வைப்பது பத்திரம் என்று தோன்றும். உண்மையில் ஃபங்கஸுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. பையின் துணியும் பஞ்சும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மின்சாரத்தில் ஓடும் டிரை கேபினெட் நல்லது. அதற்கு வசதியில்லை என்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், இவை போதும். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் சரி. நீல சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்குப் பயன்படாத வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மீண்டும் நீலமாகும். ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள்.

ஏசி அறையில் தூங்கிய கேமராவை விடியற்காலையில் அப்படியே மெரினாவுக்குக் கொண்டுபோனால் லென்ஸ் முழுக்க மூச்சுவிட்ட கண்ணாடி போல மூடுபனி படியும். சூரியன் எழுகிற அந்தப் பத்து நிமிடமும் துடைப்பதிலேயே போய்விடும். முதல் நாள் இரவே பையோடு ஏசி இல்லாத ஹாலில் எடுத்து வைத்துவிடுங்கள். கடற்கரையில் லென்ஸ் மாற்ற வேண்டாம். திரும்பி வந்ததும் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் பாடியைத் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு டப்பாவுக்குள் வையுங்கள்.