ஏபிஎஸ் யூனிட்டில் "இன்னும் கொஞ்சம்" இறுக்காதீர்கள்

போன வாரம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த தம்பி, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் யூனிட்டில் பிரேக் பைப்பை மாட்டிக்கொண்டிருந்தான். நட்டைக் கையால் இரண்டு சுற்றுகூட விடவில்லை, நேராக ஸ்பேனர். "அண்ணே, நல்லா டைட்டா ஏறுது" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கழற்றச் சொன்னேன். மரை கோணலாகத்தான் ஏறத் தொடங்கியிருந்தது; நல்லவேளை, அரைச் சுற்றோடு போயிற்று.

கசிந்தால் இறுக்குவது

வண்டி சறுக்காமல் பிடிக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் ஏபிஎஸ்ஸும் பகிர்ந்துகொள்ளும் அந்த யூனிட்டின் உடம்பு அலுமினியம். பைப் நட் இரும்பு. மரை போனால் யூனிட்டில்தான் போகும். பல கார்களில் இந்த நட்டுக்கு 15 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் அளவு இருக்கும். சரியான எண்ணை அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். 15 என்பது 15 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் சுமார் 10 கிலோ இழுப்பு, அவ்வளவுதான். வீல் நட் இறுக்கிப் பழகிய கைக்கு அதைத் தாண்டியதே தெரியாது.

நான் தொழில் பழகிய காலத்தில் ஒரு வண்டியில் ஒரு துளி கசிந்தது. கொஞ்சம் இறுக்கினேன். நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம். திடீரென்று ஸ்பேனர் லேசாகிவிட்டது. ஒரு நட்டுக்காக முழு யூனிட்டையும் மாற்றினோம். பாதிப் பணத்தை என் சம்பளத்தில் பிடித்தார்கள். கழற்றிப் பார்த்தால் பைப்பின் விரிந்த முனையில் ஒரு மணல் துகள்! பிரேக் ஆயிலை அடைப்பது மரை இல்லை, அந்த முனைதான். நட் அதை அழுத்திப் பிடிக்கிறது, வேறொன்றும் செய்வதில்லை. சொன்ன அளவுக்கு இறுக்கியும் கசிந்தால் கழற்றுங்கள். முனையில் விரிசல் உண்டா, பைப் கோணலாக நிற்கிறதா என்று பார்த்து, துடைத்து, கையால் மரை ஏற்றுங்கள். யாராவது "இன்னும் கால் சுற்று" என்றால் எனக்கு இன்றும் எரிச்சல்தான்.

பெரிய டார்க் ரெஞ்ச்

டார்க் ரெஞ்ச் என்றால் வைத்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர். வீல் நட்டுக்கு வைத்திருப்பது இதற்கு ஆகாது, சிறியது வாங்குங்கள். பைப் குறுக்கே நிற்பதால் திறந்த வாய் அடாப்டர் போடுவோம். அதை நேராக நீட்டினால் நீளம் கூடும், இறுக்கமும் கூடும்: 30 சென்டிமீட்டர் ரெஞ்சில் 4 சென்டிமீட்டர் அடாப்டர் என்றால் 15 வைத்தாலும் 17 விழும். 90 டிகிரியில் திருப்பி மாட்டினால் தொல்லை இல்லை.

மரைக்கு கிரீஸ்

வேண்டாம்.

பிராக்கெட் போல்ட்

யூனிட்டைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட்டை ரப்பர் புஷ் நசுங்க இறுக்காதீர்கள். சில கார்களில் வண்டி திரும்புவதை அளக்கும் சென்சார் இந்த யூனிட்டுக்குள்ளேயே இருக்கிறது. யூனிட் சாய்ந்தால் அதுவும் சாயும். அப்புறம், மேனுவல் கேட்டால் அந்த சென்சாரை ஸ்கேனரில் ஜீரோ செட் செய்யாமல் வண்டியை வெளியே விடாதீர்கள்.