இணைய ஏலத்தில் பொருள் வாங்குதல்: பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்தவர்கள் ஏமாறாதிருக்க

பிரித்தானியாவில் வந்திறங்கிய முதல் மாதங்களில் கட்டில், குளிர்கால மேலங்கி, மடிக்கணினி, கைப்பேசி என்று பல பொருள்கள் ஒரே நேரத்தில் தேவைப்படும். கையிருப்போ விசாக் கட்டணத்திலும் வீட்டு முன்பணத்திலும் பெரும்பகுதி கரைந்திருக்கும். அந்த நிலையில் ஈபே போன்ற ஏலத் தளங்களை நாடுவது இயல்பே. நல்ல பொருள் அங்கே பாதி விலைக்குக் கிடைப்பதும் உண்மைதான். ஆனால் புதியவர்களிடம் அவசரம் உண்டு, இந்நாட்டுச் சட்டம் பழக்கமில்லை, கிரெடிட் கார்டும் பெரும்பாலும் இருக்காது. மோசடிக்காரர்கள் தேடுவது இத்தகைய ஆள்களைத்தான்.

விலையில் ஏமாறுவதை விட, பணம் செலுத்தும் வழியில் ஏமாறுவதே பெரிய இழப்பைத் தருகிறது. ஈபேயில் வாங்கி அங்கேயே பணம் செலுத்தினால், பொருள் வராவிட்டாலோ விவரித்தபடி இல்லாவிட்டாலோ பணத்தைத் திருப்பித் தரும் உத்தரவாதம் அத்தளத்தில் உண்டு. பொருள் வந்த நாளிலிருந்தோ, வராவிட்டால் வந்திருக்க வேண்டிய கடைசி நாளிலிருந்தோ 30 நாள்களுக்குள் அதைக் கோர வேண்டும். இந்தக் கணக்கு விற்பவருக்கும் தெரியும். "தபாலில் தாமதம், இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்" என்று பணிவாக எழுதி, அந்த 30 நாளும் கழியும் வரை இழுத்தடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே விற்பவரோடு எவ்வளவு நயமாகப் பேசிக்கொண்டிருந்தாலும், கெடு முடியுமுன் தளத்தில் முறைப்படி கோரிக்கையைப் பதிந்துவிடுங்கள். அப்படிச் செய்வது அவரை அவமதிப்பதாகாது.

தளத்தை விட்டு வெளியே பணம் அனுப்பிய நொடியில் இந்த உத்தரவாதம் இல்லாமல் போகிறது. "ஈபே கட்டணத்தை மிச்சப்படுத்தலாம், வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்புங்கள், இருபது பவுண்டு குறைத்துத் தருகிறேன்" என்ற பேச்சு வந்தால் அந்தப் பொருளை அத்துடன் மறந்துவிடலாம். பேபால் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவையில் 'நண்பர்கள், குடும்பத்தினர்' என்ற வகையில் அனுப்பச் சொல்வதும் இதே தந்திரம்தான்; அந்த வகைப் பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. பரிசு அட்டை வாங்கி அதன் எண்ணை அனுப்பச் சொல்பவரைப் பற்றி விளக்கவே தேவையில்லை.

இதன் நயமான வடிவம் ஒன்று உண்டு. நீங்கள் ஒரு மடிக்கணினிக்கு ஏலம் கேட்டுத் தோற்றுப்போகிறீர்கள். மறுநாள், "வென்றவர் பணம் கட்டவில்லை, நீங்கள் கேட்ட விலைக்கே தருகிறோம்" என்று மின்னஞ்சல் வருகிறது. அடுத்த நிலையில் கேட்டவருக்கு இரண்டாம் வாய்ப்பு அளிக்கும் வசதி ஈபேயில் உண்மையாகவே இருப்பதால் பலர் இதை நம்பிவிடுகிறார்கள். உண்மையான வாய்ப்பு உங்கள் ஈபே கணக்கினுள் இருக்கும் செய்திப் பெட்டியிலும் வந்திருக்கும். பணமும் அங்கேயே செலுத்தும்படி இருக்கும். மின்னஞ்சலிலுள்ள இணைப்பை அழுத்தாமல், தளத்தைத் தனியே திறந்து, உள்நுழைந்து பாருங்கள்.

வேறு கடைகளில் கிரெடிட் கார்டால் நேரடியாக வாங்கும்போது, 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு அட்டை நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. ஆனால் பேபாலோ சந்தைத் தளமோ இடையில் நின்று பணம் வாங்கும்போது அந்தப் பொறுப்பு பல வேளைகளில் அறுந்துவிடும் என்பதால், ஏலத் தளத்தில் இதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். டெபிட் கார்டு மட்டும் உள்ளவர்கள் 'சார்ஜ்பேக்' என்ற முறையில் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அது அட்டை நிறுவனங்களின் விதியே தவிரச் சட்ட உரிமையன்று.

ஏலம் கேட்பதற்கு முன் விற்பவர் தனியாளா வணிகரா என்று பாருங்கள். அவருடைய பக்கத்திலேயே அது குறிக்கப்பட்டிருக்கும். வணிகர் என்றால், 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த ஒழுங்குவிதிகளின்படி, பொருள் கைக்கு வந்து 14 நாள்களுக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் வாங்கியதை ரத்துசெய்யும் உரிமை பெரும்பாலான பொருள்களுக்கு உண்டு. 'ஏலத்தில் விற்றது, திருப்பி எடுக்க மாட்டோம்' என்று அவர் எழுதிவைத்தாலும், ஈபே போன்ற இணைய ஏலத்தில் அது செல்லாது. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, பழுதான பொருளை முதல் 30 நாள்களில் மறுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். தனியாளிடம் வாங்கும்போது இவை எதுவும் இல்லை. பொருள் அவர் விவரித்தபடி இருக்க வேண்டும், அவ்வளவே. அதனால்தான் விவரிப்பைச் சொல் விடாமல் வாசிக்க வேண்டியிருக்கிறது. வீடியோ விளையாட்டுக் கருவியின் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே சிறிதாக 'பெட்டி மட்டும்' என்று எழுதி விற்பது பழைய வித்தை. 'பரிசோதிக்கப்படவில்லை', 'உதிரிப் பாகங்களுக்காக' என்ற சொற்களைக் கண்டால், பொருள் வேலை செய்யவில்லை என்றே கொள்ளுங்கள்.

வாங்கியவர்களின் மதிப்பீடு நூறு சதவீதம் என்றிருப்பது மட்டும் போதாது. எதற்காகக் கிடைத்த மதிப்பீடு என்று திறந்து பார்க்க வேண்டும். ஒரு பவுண்டுக்கும் குறைந்த கைப்பேசி உறைகளை விற்று மதிப்பீடு சேர்த்தவர் திடீரென்று பத்து மடிக்கணினிகளை விற்கிறார் என்றால் எச்சரிக்கை தேவை. பல ஆண்டுகளாக உறங்கிக் கிடந்த கணக்கு ஒரே வாரத்தில் விலையுயர்ந்த பொருள்களால் நிறைந்திருந்தால், அது களவாடப்பட்ட கணக்காக இருக்கக்கூடும்.

விற்பவரே வேறு பெயரிலோ நண்பர் மூலமோ ஏலம் கேட்டு விலையை ஏற்றிவிடுவது இங்கே குற்றம். 2010இல் பிராட்ஃபோர்ட் நீதிமன்றம் இதற்காக ஒருவருக்கு 5,000 பவுண்டு அபராதம் விதித்தது; அவர் தம்முடைய இன்னொரு கணக்கிலிருந்து தம் பொருள்களுக்கே ஏலம் கேட்டிருந்தார். ஏல வரலாற்றைத் திறந்தால், ஒருவர் அண்மையில் கேட்டவற்றில் எத்தனை சதவீதம் இதே விற்பவரிடம் என்று தெரியும். அந்த எண்ணிக்கை மிக உயர்ந்திருந்து, அவர் பெரும்பாலும் தோற்றுக்கொண்டே இருந்தால், விலகிவிடுங்கள். உங்கள் உச்ச விலையை முன்கூட்டியே முடிவுசெய்து ஒரே முறை பதியுங்கள். மற்றவர் கேட்பதற்கேற்பத் தளம் உங்களுக்காகச் சிறுகச் சிறுக ஏற்றிக்கொள்ளும். கடைசி நிமிடத்தின் ஆவேசத்தில் கடைவிலையை விட அதிகம் கொடுத்து வெல்வதை மோசடி என்று யாரும் புகார்செய்ய முடியாது.

நம்மவர்கள் அதிகம் இழப்பது தங்கத்தில் என்பது என் கணிப்பு. திருமணம், பிறந்தநாள் என்று வரும்போது '22 காரட் ஏசியன் கோல்ட்' என்ற தலைப்பில் சங்கிலியும் வளையலும் ஏலத்துக்கு வருவதைப் பார்த்து ஆசை எழுவது இயற்கை. 1973ஆம் ஆண்டு ஹால்மார்க் சட்டத்தின்படி, ஒரு கிராமுக்கு மேற்பட்ட நகையை வணிகர் எவரும் ஹால்மார்க் இல்லாமல் தங்கம் என்று சொல்லி விற்கக் கூடாது. மிகப் பழைய நகைகள் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. வெறுமனே '916' என்று பொறித்திருப்பது ஹால்மார்க் ஆகாது. நகையை அனுப்பியவரின் முத்திரை, தூய்மையைக் காட்டும் எண், சோதித்த நிலையத்தின் சின்னம் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். சின்னம் லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு ரோஜா, எடின்பரோவுக்குக் கோட்டை. 'கோல்ட் பிளேட்டட்', 'கோல்ட் ஃபில்டு', 'கோல்ட் டோன்' எல்லாம் கவரிங் வகையைச் சேர்ந்தவையே; '22 காரட்' என்ற சொல் அவற்றின் முன்னால் நின்றாலும் மாற்றமில்லை.

சொந்த நகையை விற்கும் தனியாளிடம் இந்த முத்திரைகள் இல்லாமலிருக்கலாம். ஊரில் செய்த நகைக்கு இந்நாட்டு முத்திரை இருக்காது. அத்தகைய நகையை வாங்கினால், லண்டனில் கிரீன் ஸ்ட்ரீட், ஈலிங் ரோடு, டூட்டிங் போன்ற இடங்களிலுள்ள நகைக்கடை ஒன்றில் உடனே சோதித்துப் பாருங்கள். கோரிக்கைக்கான 30 நாள் அதற்குள் போய்விடக் கூடாது. எடையைக் கேட்டுப் பெற்று, அன்றைய கிராம் விலையால் பெருக்கியும் பாருங்கள். உண்மையான தங்கத்தை, அதை உருக்கினால் கிடைக்கும் விலையின் பாதிக்கு விற்க எவருக்கும் அவசியமில்லை. எந்தக் கடையிலும் அதைவிட அதிகம் கிடைக்கும்.

கைப்பேசியில் வேறொரு சிக்கல். தவணையில் எடுத்த பேசியை விற்றுவிட்டு, களவுபோனதாகக் காப்புறுதி கோருவோர் உண்டு. பின்னர் அதன் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய தனி அடையாள எண்) தடைப்பட்டியலில் சேர, பிரித்தானிய வலையமைப்புகளில் அது இயங்காது. *#06# என்று அழுத்தினால் அந்த எண் தெரியும். வாங்குமுன் அதைக் கேட்டு, சரிபார்க்கும் சேவையொன்றில் பாருங்கள். முந்தைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டிருப்பதும் அவசியம். கார் வாங்க ஏலத் தளம் புதியவருக்கு உகந்ததன்று. ஈபேயின் உத்தரவாதமும் வாகனங்களுக்கு இல்லை. வாங்கியே ஆக வேண்டுமென்றால், எம்ஓடி என்ற வாகனப் பாதுகாப்புச் சோதனையின் வரலாற்றை அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்த்து, பதிவுப் புத்தகத்தை விற்பவரின் வீட்டு வாசலில் நேரில் ஒப்பிட்ட பிறகே பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

ஏலத்தில் வென்று பொதிக்காகக் காத்திருக்கும் நாள்களில், 'சுங்கக் கட்டணம் 1.99 பவுண்டு செலுத்தினால்தான் வழங்குவோம்' என்று குறுஞ்செய்தி வரக்கூடும். அது அட்டை விவரங்களைத் திருடும் வலை. அதை 7726 என்ற எண்ணுக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடுங்கள்.

வங்கிக் கணக்கு வழியாக மோசடிக்காரருக்குப் பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் உடனே வங்கியை அழையுங்கள். பெரும்பாலான வங்கிகளை 159 என்ற எண் வழியாகவும் அடையலாம். 2024 அக்டோபர் 7 முதல், உள்நாட்டுக் கணக்குகளுக்கிடையே ஏமாற்றிப் பெறப்பட்ட பணத்தை 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. முதல் 100 பவுண்டு வரை வங்கி பிடித்துக்கொள்ளலாம். எச்சரிக்கைகளை முற்றிலும் அலட்சியப்படுத்தியவரை மறுக்கவும் இடமுண்டு. பெறுபவரின் பெயர் பொருந்தவில்லை என்று வங்கிச் செயலி காட்டிய பிறகும் அனுப்பியிருந்தால் வாதம் பலவீனப்படும். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் மோசடியை 0300 123 2040 என்ற எண்ணிலும், ஸ்காட்லாந்தில் காவல்துறைக்கு 101 என்ற எண்ணிலும் முறையிடலாம். மோசடியா வெறும் தகராறா என்று தெளியாதபோது, இங்கிலாந்து, வேல்ஸில் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணான 0808 223 1133 இலவசம். உரையாடல்களையும் விளம்பரப் பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொண்டு அழையுங்கள், ஏனெனில் ஏலப் பக்கம் எப்போது வேண்டுமானாலும் மறைந்துவிடலாம். விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அஞ்சிப் பேசாமலிருப்பவர்கள் நம்மிடையே பலர். ஏமாற்றப்பட்டவர் கொடுக்கும் நுகர்வோர் புகாருக்கும் விசாவுக்கும் தொடர்பு ஏதும் இல்லை.