‘அடிவருடி’ என்று எழுதுமுன்

அதிகாரம் உள்ளவரின் பாதத்தைத் தடவிக்கொடுத்துத் தன் காரியத்தைச் சாதித்துக்கொள்பவரையே ‘அடிவருடி’ என்கிறோம். ஒருவரிடம் அதிகாரம், மற்றவரிடம் சுயலாபம், அதற்காகத் தன்மானத்தை விட்ட பணிவு ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றி இச்சொல் பொருந்தாது. யாருக்கும் அடங்காத நிலம் என்ற பொருளில் அடங்காப்பற்று என்று பழம்பெயர் பெற்ற, இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் இந்த வசை சற்றுக் கூடுதலாகவே சுடும்.

பெரிய தவறு, உடன்பட்டவர்களை எல்லாம் அடிவருடிகள் ஆக்குவதாகும். இரணைமடுக் குளத்தின் கீழ்ச் சிறுபோகம் என்ற கோடைப் பருவ நெல் விதைப்பதற்கான கூட்டத்தில், குளத்து நீர்மட்டம் போதாது என்பதால் இம்முறை குறைந்த ஏக்கருக்கே தண்ணீர் விடலாம் என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் கூற, கமக்காரர் அமைப்பின் தலைவர் அதை ஏற்றுக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தன்னுடைய பங்கும் குறையும் என்று தெரிந்தே சம்மதித்தவர் அடிவருடி அல்லர். தன் வயலுக்கு மட்டும் வாய்க்கால் கூடுதலாகத் திறக்கப்படும் என்ற நப்பாசையில் ஆமாம் போட்டவருக்கே அப்பெயர் தகும்.

‘கைக்கூலி’ என்பதை இதற்கு மாற்றாக எழுதுவதும் பிழையே. கைக்கூலி காசு வாங்கிக்கொண்டு பிறருக்காகச் செயற்படுபவர். அடிவருடிக்குக் கூலி பேசப்பட்டிருக்க வேண்டியதில்லை, சலுகை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பே போதும். கல்யாண வீட்டில் ஓடியாடி எடுபிடி வேலை செய்யும் பெடியனுக்கோ இவ்விரண்டோடும் தொடர்பில்லை. வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு வரும் அடியாரின் பெயரிலும் ‘அடி’ உண்டு என்றாலும், அங்கே பணிவு பக்தியே தவிர பிழைப்பு அன்று.

பேச்சு வழக்கில் நாம் ‘வால்பிடி’ என்றும் ‘பந்தம் பிடிக்கிறார்’ என்றும் சொல்கிறோம். பின்னதைக் கட்டுரையில் எழுதுபவர் கவனமாக இருக்க வேண்டும். செத்தவீட்டில் திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடப்படும் வேளையில் பேரப்பிள்ளைகள் கொளுத்திய நெய்ப்பந்தத்தை ஏந்தி நிற்பதும் பந்தம் பிடித்தல்தான். அது இறந்தவருக்குச் செய்யும் மரியாதை. ஆகவே, ஒருவரைப் பற்றிய நினைவுக் குறிப்பில் ‘அவருக்குப் பலர் பந்தம் பிடித்தனர்’ என்று மொட்டையாக எழுதினால், வாசிப்பவர் சுடலையை நினைப்பாரா, அரசியல் மேடையை நினைப்பாரா என்பதை எழுதியவராலேயே சொல்ல முடியாது.

எழுத்திலும் ஒரு நுட்பம் உண்டு. ‘அடி வருடி’ என்று பிரித்தால் ‘பாதத்தைத் தடவி’ என்ற வினையெச்சமாகிவிடும் என்பதால், ஆளைக் குறிக்கும்போது சேர்த்தே எழுத வேண்டும். உயிரெழுத்தில் தொடங்குவதால் ‘ஒரு அடிவருடி’ அன்று, ‘ஓர் அடிவருடி’ என்பதே சரி.